எட்டு கியர் போதுமா, மாஸ்டர்?

சேந்தமங்கலம் சாலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரெஜினாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் மாநில அணிக்காகப் பந்தயம் ஓடியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கொல்லிமலைப் பக்கம் சைக்கிளில் போவார். அதில் ஒரு பல் டாக்டர் உண்டு, கோழிப்பண்ணைக்காரர் உண்டு, காலேஜ் வாத்தியார் உண்டு. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர் செங்கோடன். ஐம்பத்தொன்று. லாரி டிரைவர். உட்கார்ந்தே இருந்து சர்க்கரை ஏறிவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் குயிலி, ஆறு மாதம் பணம் சேர்த்துவைத்து அப்பாவுக்கு ஒரு ரோடு சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். புதிதாக ஓட்டுபவர்களுக்கென்று செய்யப்படும் கியர் செட்டு அதில் இருந்தது. பின்னால் எட்டு பல்சக்கரம், முன்னால் இரண்டு. செங்கோடன் அதைத் தினமும் துடைத்து வைத்தார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, முதன்முதலாக மலை ஏறினார்.

முப்பத்திரண்டாவது வளைவு வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அங்கே சரிவு செங்குத்தாக எழும். கால் இறுகிப் போனது. எழுந்து நின்று, முழு பலத்தையும் போட்டு மிதித்தபடியே, இடது கை கியர் லிவரைத் தட்டினார். செயின் கழன்று உள்பக்கம் விழுந்தது. பெடல் வெறுமனே சுற்ற, சைக்கிளோடு நடுரோட்டில் சாய்ந்தார். மேலிருந்து இறங்கி வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. அதன் முன்சக்கரம் அவர் தலைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தது.

கோழிப்பண்ணைக்காரர் ஓடி வந்து தூக்கிவிட்டார்.

"அண்ணே, இந்தச் செட்டு மலைக்கு ஆகாதுங்க. கழட்டி எறிஞ்சுட்டு நல்லதாப் போடுங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்து குயிலி போன் செய்தாள். அம்மா சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. அழுதாள்.

"மட்டமானதா வாங்கிக் குடுத்துட்டனாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி" என்றார் செங்கோடன். ஆனால் அவர் குரல் அவருக்கே நம்பும்படி இல்லை.

மறுநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு ரெஜினாவின் கடைக்கு வந்தார். முழங்கையில் கட்டு.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும்."

"கேளுங்கண்ணா."

"இந்த எட்டு கியர் போதுமா? இல்ல, வேற மாத்திரலாமா?"

ரெஜினா சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் பெடலைச் சுற்றினார். ஒவ்வொரு கியராகப் போட்டார். எட்டும் விழுந்தன. ஒரு கேபிள் மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது. இழுத்து முடுக்கினார். இறக்கி வைத்தார்.

"மலைக்கு லோடு எப்பண்ணா போறீங்க?"

"நாளைக்கு வியாழக்கிழமைங்க. செம்மேட்டுக்கு சிமெண்ட்டு."

"நானும் வரட்டுமா?"

செங்கோடனுக்குப் புரியவில்லை. "லாரியிலங்களா?"

"லாரியிலதான்."

வியாழன் காலை ரெஜினா காரவள்ளி அடிவாரத்தில் நின்றிருந்தார். ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பழைய லாரி. கியர் ராடின் தலையில் போட்டிருந்த எண்கள் எல்லாம் கைபட்டுத் தேய்ந்து அழிந்துவிட்டிருந்தன.

மலை தொடங்கியது. செங்கோடன் பேசிக்கொண்டே ஓட்டினார். பெண்டாட்டி திட்டியதைச் சொன்னார், குயிலி சின்ன வயதில் இதே சீட்டில் தூங்கிக்கொண்டே வந்ததைச் சொன்னார். பேச்சுக்கு நடுவே கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வளைவு கண்ணில் பட்டதுமே கால் ஆக்ஸிலேட்டரை விட்டது. கிளட்ச் இறங்கியது. ராடு அலுங்காமல் அடுத்த இடத்துக்குப் போனது. அப்புறம்தான் ஸ்டீயரிங் திரும்பியது.

பத்து வளைவுகள் போயின. ரெஜினா அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மேடு இன்னும் வரவே இல்லையேங்ணா. அதுக்குள்ள ஏன் மாத்தறீங்க?"

செங்கோடன் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க போங்க. மேடு வந்தப்புறம் மாத்துனா வண்டி நின்னு போயிருமே மாஸ்டர்."

"அழுத்திப் போட்டா விழாதா?"

"இஞ்சின் தம் கட்டிட்டு இருக்கறப்ப கியர் விழாதுங்க. முறிஞ்சுதான் போகும். ஒரு நொடி அதுக்கு வழி விடணும். விட்டா, அதுவே போய் உக்காந்துக்கும்."

ரெஜினா தலையாட்டினார். இன்னும் இரண்டு வளைவு போயின.

"இப்ப வர்ற லாரிக்கெல்லாம் ஒன்பது கியராமே?"

"ஆமாங்க, வருது."

"இது அஞ்சுதானே. போதுமாங்ணா?"

செங்கோடனுக்குச் சுருக்கென்றது.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? இருவத்திரெண்டு வருசமா இந்த அஞ்சு கியருதான் எங்க வீட்டுல சோறு போட்டுது. குயிலிய இஞ்சினியருக்குப் படிக்க வெச்சது இது. எத்தன மழை, எத்தன பனி. ஒரு நா என்னை ரோட்டுல நிறுத்துனதில்ல. இதப் போயி போதுமான்னு..."

பாதியில் நிறுத்தி, தன் முழங்கைக் கட்டைப் பார்த்தார்.

முப்பத்திரண்டாவது வளைவு வந்தது. அவர் கை தன் வேலையைச் செய்தது. லாரி முனகாமல் ஏறியது. ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பி மிளகுக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி செம்மேடு போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். ரெஜினா பஸ் பிடித்து ஊர் திரும்பினார்.

அந்த ஞாயிறு செங்கோடன் வரவில்லை. முழங்கை ஆறவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் அடிவாரத்தில் நின்றார்.

கோழிப்பண்ணைக்காரர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "மாத்தலியாண்ணே? அதே செட்டோடவா ஏறப் போறீங்க?"

"அதேதானுங்க."

ரெஜினா அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு வந்தார்.

முதல் பத்து வளைவில் செங்கோடன் மூன்று தடவை தப்பாகப் போட்டார். ஒரு தடவை செயின் கரகரத்தது. பஸ்ஸின் சக்கரம் நினைவுக்கு வந்தது. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தார். சைக்கிளைப் பார்த்தார். மறுபடி ஏறினார்.

அதன்பிறகு மெல்ல மெல்லக் கைகூடியது. வளைவு தெரிந்ததும் காலை லேசாகத் தளர்த்தினார். லிவரை ஒருமுறை தட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் மிதித்தார். காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. முப்பத்திரண்டாவது வளைவுக்கு முப்பதடி முன்னாலேயே செயின் முன்பக்கத்துச் சின்ன பல்சக்கரத்துக்கு இறங்கி அமைதியாக உட்கார்ந்துகொண்டது. வளைவைக் கடந்தபோது அவருக்கு அழுகை வந்தது. மிதித்துக்கொண்டே அழுதார். யாரும் பார்க்கவில்லை, பின்னால் வந்த ஒருவரைத் தவிர.

ஐம்பதாவது வளைவுக்கு மேல் கால் ஓய்ந்தது. இரண்டு தடவை இறங்கி நின்றார். கோழிப்பண்ணைக்காரர் எப்போதோ மேலே போயிருந்தார். கடைசி வளைவான எழுபதாவதைத் தாண்டும்போது மணி பத்தாகிவிட்டது.

மேலே ஒரு கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டார்.

"குயிலி, நான் கொல்லிமலை மேல இருக்கேன் சாமி. உன்ர சைக்கிள்லதான் வந்தேன்."

மறுமுனையில் அவள் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார். "நல்லாருக்கு சாமி. ரொம்ப நல்லாருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

ரெஜினா அன்னாசிப் பழத் துண்டுகளை உப்பு மிளகாய்த்தூள் தூவி வாங்கி வந்தார். இருவரும் தின்றார்கள்.

"மாஸ்டர், அந்த விலை ஒசந்த செட்டு... அது இதவிட நல்லதுதானுங்களே?"

"நல்லதுதாங்ணா. வழுவழுன்னு விழும். விரல் வலிக்காது."

"அப்ப நானும் ஒரு நா போட்டுக்கலாமா?"

"தாராளமாப் போடலாம். இனிமே போட்டா அதோட அருமை உங்களுக்குத் தெரியும்."

செங்கோடன் யோசித்தார். சைக்கிளின் லிவரை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்போதைக்கு வேண்டாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றார். ரெஜினாவைப் பார்த்துக் கை கூப்பினார். தன்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர் என்பதெல்லாம் அவர் நினைப்பில் இல்லை.

"எனக்கு மலை ஏறக் கத்துக்குடுத்தீங்க மாஸ்டர். இந்த நன்றிய நான் எப்பவும் மறக்க மாட்டேன்."

ரெஜினாவும் எழுந்து கை கூப்பினார்.

"நான் பக்கத்து சீட்டுல உக்காந்துதாங்ணா வந்தேன். ஓட்டுனது நீங்க."