கடைசி இலை வரைக்கும்

"காசு கொடுக்கிறவன் முன்னால போனா என்னம்மா தப்பு?"

காலையில் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஏகாம்பரநாதன் கேட்டார்.

மலையடிவாரத்து மடம் அது. தலைவி பூரணத்தம்மாள். துறவுக்கு முன்னால் டெலிபோன் ஆபீசில் வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக்கொடுத்தவர். ஏகாம்பரநாதனுக்கும் ஏறக்குறைய அவர் வயசுதான். தொலைத்தொடர்புக்குச் சட்டதிட்டம் வகுக்கிற ஆணையத்தில் உறுப்பினர். லேசுப்பட்ட ஆள் இல்லை.

விஷயம் இதுதான். இணையத்தில் தங்கள் வீடியோவும் தங்கள் கடையும் மற்றவர்களுடையதைவிட வேகமாக ஜனங்களிடம் போய்ச் சேரவேண்டும், அதற்குத் தனிக்கட்டணம் கட்டத் தயார் என்கின்றன பெரிய கம்பெனிகள். அனுமதிக்கலாமா? ஆணையத்தில் இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். ஐந்தாவது கையெழுத்து இவருடையது. திங்கட்கிழமை போட்டாக வேண்டும்.

இன்ஜினியர்களைக் கேட்டார். வக்கீல்களைக் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். மனுஷன் வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. இருந்தாலும் பதில் ஒன்றையும் தயாராக வைத்திருந்தார்.

"யாருக்கும் நாங்க குறைக்கலம்மா. சிலருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்."

அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தத் தலையாட்டல் ஏகாம்பரநாதனைச் சீண்டிவிட்டது. உங்கள் காலத்திலும் லைட்னிங் கால் இருந்ததே, எட்டு மடங்கு கட்டினவனுக்கு உடனே லைன் கொடுத்தீர்களே என்று மடக்கினார்.

"கொடுத்தேன். காத்திருந்தவங்க முகத்தை மட்டும் பார்த்ததில்லை."

அப்புறம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல, பரிமாறத் தெரியுமா என்று கேட்டார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றிருந்தது ஏகாம்பரநாதனுக்கு. சொல்ல முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் காய்ச்சலோடு வந்த யாத்திரிகர் ஒருவருக்கு, பந்தி போடுவதற்கு முன்பே கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விடுவாரா ஏகாம்பரநாதன்? இங்கேயும் ஒருத்தர் முந்துகிறாரே, அவர் எவ்வளவு கட்டினார் என்று கேட்டார்.

"அவருக்குக் காய்ச்சல்," என்றுவிட்டு அம்மாள் உள்ளே போனார்.

மடத்தில் மதியம் ஒரே பந்தி. அன்று சாம்பார் சாதம். இலையை எண்ணி அளவாகத்தான் பொங்குவார்கள். மீந்ததும் கிடையாது, போதாமல் போனதும் கிடையாது. வாளியைத் தூக்கி ஏகாம்பரநாதன் கையில் கொடுத்தார்கள்.

முதல் இலைகளில் அன்றைய உபயக்காரரான அரிசி மண்டி முதலாளியும் அவர் குடும்பமும். வாளியில் இருந்ததே அவர்கள் கொடுத்த அரிசிதான். ஒரு கரண்டி போட்டுவிட்டு நகர ஏகாம்பரநாதனுக்கு மனசு வரவில்லை. இன்னொரு கரண்டி போட்டார். அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பந்தியில் வஞ்சனை பண்ணக்கூடாதென்று அவருக்குத் தெரியாதா? பண்ணவும் இல்லை. ஒரு இலையையும் விடாமல்தான் போட்டுக்கொண்டு போனார்.

பாதிப் பந்தியிலேயே வாளி லேசாகிவிட்டது. கரண்டி முக்கால் ஆனது. பிறகு அரை ஆனது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து இலையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கடைசி இலைக்கு வந்தபோது கரண்டி வாளியின் அடியைச் சுரண்டியது. நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

இலைக்கு முன்னால் பூரணத்தம்மாள்.

ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளைதான் அம்மாளுக்குச் சாப்பாடு. ஏகாம்பரநாதன் இந்த மடத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். பெரிய மனுஷர் என்று முதல் இலையில் உட்காரவைப்பார்கள், சாப்பிடுவார், காரேறிப் போய்விடுவார். அம்மாள் எங்கே உட்காருவார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அம்மாள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தார். அண்ணாந்து ஏகாம்பரநாதனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பசி இருந்தது.

ஏகாம்பரநாதன் வாளியைக் கீழே வைத்தார்.

"அம்மா, உங்களுக்குன்னு நான் குறைக்கலம்மா. முன்னால இருந்தவங்களுக்குத்தான் கொஞ்சம் கூட..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

வயிறு நிறைந்தவர்கள் மடிப்பதுபோலவே, பூரணத்தம்மாள் வெறும் இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

"காலையிலேயே சொன்னீங்களே," என்றார்.