வயிற்றுப் பாட்டுக்கு மேளம்

நெட்டைப்பனை ஊரில் மாடத்திக்கு மாசாமாசம் சர்க்கார் உதவிப் பணம் வரும். புருசன் போனபிறகு அவளுக்குக் கஞ்சி ஊற்றியது அந்தப் பணம்தான். அவளையும் சேர்த்து ஊரில் அப்படி முப்பது பேர். இந்த ஜனங்கள் அதில் பவுடர் வாங்குகிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள் என்று மேலே எங்கேயோ பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஓர் உத்தரவு வந்து சேர்ந்தது.

ஊர்த்தலைவர் சொரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “உதவிப் பணத்தை வயிற்றுப்பாட்டுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். மீறினால் பணம் நிறுத்தப்படும்.”

மாடத்திக்குத் திக்கென்றது. “அண்ணாச்சி, வயித்துக்கு ஏது பாட்டு?”

ஊரே கூடி யோசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த உச்சிமாகாளி கையைத் தூக்கினார். “எனக்கு இப்ப ஏதோ பாடுதாப்புல இருக்கு.”

தலைவர் குனிந்து அவர் வயிற்றில் காதை வைத்தார். ‘குர்ர்ர்’ என்றது.

“பாடுதுய்யா!”

“என்ன ராகம்?”

“இழுக்கிற இழுப்பைப் பார்த்தா முகாரி.”

மாடத்தி தன் சந்தேகத்தைச் சொன்னாள். “சாப்பிட்டா சத்தம் நின்னு போயிருமே?”

“நல்லவேளை சொன்னே!” என்றார் தலைவர். அந்த நிமிஷமே தீர்மானம் ஆயிற்று: உதவிப் பணத்தில் யாரும் அரிசி வாங்கக் கூடாது. பாட்டுக்கு மேளமும் மைக்செட்டும் பிடிக்க வேண்டும்.

பலசரக்குக் கடை வாசல் வரை போன மாடத்தி, அரிசி மூட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். இரண்டு நாள் பச்சைத்தண்ணீர்தான். மூன்றாம் நாள் கச்சேரியில் அவள் வயிறு எல்லோரையும் தூக்கி அடித்துவிட்டது. எழுந்திருக்கத் தெம்பில்லை, ஆனாலும் உள்ளுக்குள் பெருமை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பது பேர் பாயில் மல்லாந்து கிடக்க, தலைவர் மைக்கை வயிறு வயிறாகப் பிடித்துக்கொண்டு போனார். மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தேடிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா கூத்து இது? சாப்பிட்டீங்களா இல்லையா?”

“சாப்பிட்டா சட்டத்தை மீறினதாயிரும்லா, சார்?” என்றாள் மாடத்தி ஈனசுரத்தில்.

விஷயம் புரிந்ததும் அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த மாசப் பணத்தை அங்கேயே கையில் கொடுத்தார். “பாட்டும் வேண்டாம், மேளமும் வேண்டாம். போய்க் காசைச் சோத்துல போடுங்க!”

மாடத்தி அழாத குறையாகக் கும்பிட்டாள். வீட்டுக்குத் தள்ளாடிப் போய் அடுப்பை மூட்டி, பானையில் உலை வைத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் நோட்டுகளைக் களைந்து உள்ளே போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிரம்மு எட்டிப் பார்த்தாள். “எக்கா, வெந்துருச்சா?”

மாடத்தி அகப்பையால் ஒரு நோட்டை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். “இன்னும் இல்லடி.”

“பழைய நோட்டா இருக்கும். வேக நேரமாகும், ஆனா சோறு நல்லாக் காணும்.”