மருதக்காளைக்கு மாற்று ஆள்

அன்பரே, ஒன்று கேட்கிறேன். உடனே விடை சொல்ல வேண்டாம். நெஞ்சைக் கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் நேசித்த ஒன்று தோற்றுப்போன நாளில், அதற்குக் காரணமானவர்களின் பெயர்களை எண்ணினீர்களே, அந்த வரிசையில் உங்கள் பெயருக்கு எத்தனையாவது இடம் கொடுத்தீர்கள்?

வேலங்குடி மன்னர் வெற்றிவேள் இடமே கொடுக்கவில்லை.

தைத் திருநாள் சடுகுடுவில் அவருடைய அணி ஆற்றூரிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அதுவும் தொடர்ந்து மூன்றாம் ஆண்டு! அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது. களத்தில் புல் முளைத்துவிட்டது. ஊரார் வாய் மட்டும் ஓயவில்லை. கத்தியைக் கன்னத்தில் வைத்தபடியே நாவிதர் ஓர் அணி அமைத்தார். அர்ச்சனைக்கு நடுவே குருக்கள் இன்னோர் அணி அமைத்தார். மன்னரோ அரியணைக்கருகே தாம்பாளம் ஒன்றை வைத்து, ஏழு கொட்டைப்பாக்குகளை ஏழு ஆட்டக்காரர்களாக நிறுத்தி, நாளெல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

"பிரபு, ஏரிக்கரை உடைந்துவிட்டது!" என்று ஓடிவந்தார் ஓர் அதிகாரி.

"இங்கே என் பிடிவரிசையே உடைந்து கிடக்கிறது! கரையை நீரே கட்டும்."

அப்போது தளவாய் சூரப்பர் ஒரு பாக்கை எடுத்துத் தாம்பாளத்துக்கு வெளியே வைத்தார். "நோய் இதுதான், பிரபு. மருதக்காளை! பாடிப் போகிறவனுக்கு மூச்சல்லவா முதல்? எதிர்க்களத்தில் நின்று மூன்று முறை பாட்டை விட்டான். இவனை ஆற்றூருக்கே தள்ளிவிட்டு, மாற்றாக அவர்களுடைய செங்கோடனை வாங்கிக்கொள்வோம்."

"செங்கோடனா! ஆகா! அவன் தொடை ஒவ்வொன்றும் தேக்கு மரம் அல்லவா!" மன்னர் துள்ளி எழுந்தார். "நல்லாண்டாரே! நாளையே ஆற்றூருக்குப் புறப்படும். செங்கோடன் இல்லாமல் திரும்பினால் இந்த அவையில் உமக்கு இடமில்லை."

நல்லாண்டார் அவைப்புலவர். அவருடைய செய்யுளைவிட நாக்குக் கூர்மையானது என்பது ஊரறிந்த செய்தி. அவர் பயணத்துக்கு முன் மருதக்காளையின் வீட்டுக்குப் போனார். அங்கே நிறைமாதக் கர்ப்பிணியான அவன் மனைவி, மூட்டை கட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

"பிரசவ நேரத்தில் இவளை விட்டுவிட்டு அந்நிய நாட்டுக்குப் போகச் சொல்கிறார்களே, ஐயா!" என்றான் மருதக்காளை.

"மலை ஏறினாலும் உனக்கு மூச்சு வாங்காதே, அப்பா. களத்தில் மட்டும் பாட்டை ஏன் விட்டாய்?"

அவன் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நான் பாடிப் போகிற நேரத்தில்தான் மகாராஜா எழுந்து நின்று, 'டேய், வலது பக்கம் போடா!' என்கிறார். அரசர் பேசினால் 'உத்தரவு, பிரபு' என்று பதில் சொல்லாதவன் குற்றவாளி என்பது நம் நாட்டுச் சட்டமாயிற்றே! நான் 'உத்தரவு' என்றேன். பாட்டு போயிற்று."

"மூன்று முறையுமா?"

"மூன்றாம் முறை 'வாயைத் திறக்காதே, பாடு!' என்றார். அதற்கும் 'உத்தரவு' சொன்னேன், ஐயா."

புலவர் சிரிப்பை மேல்துண்டால் அடக்கிக்கொண்டு ஆற்றூருக்கு வண்டி ஏறினார்.

நான்காம் நாள் அவை கூடியது. மருதக்காளையும் மூட்டையோடு வந்து நின்றான். நல்லாண்டார் தனியே வந்தார். தளவாயின் மீசை மலர்ந்தது.

"செங்கோடன் எங்கே?" என்றார் மன்னர்.

"வருவான், பிரபு. அவனோடு அவர்களுடைய பிடிகாரன் வீரணனும் வருவான். மருதக்காளையை நாமே வைத்துக்கொள்ளலாமாம். ஆற்றூர் அரசர் முத்திரையிட்ட ஓலை இதோ."

"இருவரா? சும்மாவா?" மன்னர் தாம்பாளத்தைத் தட்டித் தாளம் போட்டார். "படியும், படியும்!"

புலவர் படித்தார்: "அடுத்த ஆண்டு தாங்கள் ஆட்டம் பார்க்க வரமாட்டீர்கள் என்று புலவர் சொல்லக் கேட்டு, எங்கள் நாடே கலங்கிவிட்டது."

"நான் எப்போது அப்படிச் சொன்னேன்?"

"பேரத்துக்காக நான் சொன்னது, பிரபு. மேலே கேளுங்கள். 'செங்கோடனைத் தருகிறோம், வீரணனைத் தருகிறோம், வேண்டுமானால் எங்கள் பயிற்சியாளரையும் தருகிறோம். எங்கள் நிபந்தனை ஒன்றே. தாங்கள் எப்போதும்போல் முன்வரிசையில் அமர்ந்து, உங்கள் ஆட்கள் பாடிப் போகும்போதெல்லாம் உரக்க யோசனை சொல்லவேண்டும். எந்த ஆட்டக்காரரை இழந்தாலும் எங்களால் வெல்ல முடியும். தங்களை இழந்தால் முடியாது.'"

மன்னர் மெல்லத் திரும்பினார். "மருதக்காளை, இது உண்மையா?"

"உத்தரவு, பிரபு!" என்றான் அவன், பழக்கத்தில்.

அவ்வளவுதான். மன்னருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாக்குகள் உருண்டன, மகுடம் சரிந்தது, தளவாய்கூடச் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னர் முழங்கினார்: "செங்கோடனும் வேண்டாம், வீரணனும் வேண்டாம். மூட்டையை அவிழ்த்துவிட்டு உன் மனைவியிடம் போ, அப்பா. மூன்று ஆண்டுகளாக ஆற்றூருக்காக ஆடியவன் நானல்லவா? இன்றுமுதல் நானே வேலங்குடி அணிக்கு மாறிவிட்டேன்!"

புலவருக்கு முத்தாரம் கிடைத்தது. அடுத்த தைத் திருநாளில் மன்னர் இரு கன்னத்திலும் கமர்கட்டை அடக்கிக்கொண்டு அமர்ந்தார். "ம்ம்! ம்ம்ம்!" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வேலங்குடி ஒன்பது புள்ளியில் வென்றது.

அன்பரே, உங்கள் வீட்டிலும் ஒருவர் இந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு களத்தில் நிற்கிறார். தேர்வுக்குப் படிக்கும் மகளாக இருக்கலாம். புதுத்தொழில் தொடங்கிய தம்பியாக இருக்கலாம். அவருக்காக உங்கள் நாக்கு நுனியில் ஒரு யோசனை துடித்துக்கொண்டிருக்கும். அதை விழுங்கிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே, அவர் ஆடி முடிக்கும்வரை, வாய் மூடி அமர்ந்திருங்கள்.