சக்கரம் கழற்றிய கடை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வண்டியோடு பட்டறை வாசலிலேயே நின்றாள் பிருங்கி. உகாண்டாவின் கம்பாலாவில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். வேலை கிடைக்கவில்லை, சோப்புத் திரவம் காய்ச்சித் தள்ளுவண்டியில் விற்கிறாள். வண்டியைச் செய்துகொடுத்த நன்சுபுகா பொறியியல் படித்த வெல்டர். சொந்தத் தொழிலில் இறங்கும் பட்டதாரிகளுக்கு அவள்தான் குரு.

பட்டறைச் சுவரில், ஆணிக்கு ஒரு சோடியாகச் சக்கரங்கள் தொங்கின.

ஒருவழியாகச் சொன்னாள். கூடப் படித்தவர்கள் தெருவில் தென்பட்டால் வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டுபோய் ஒளிந்துகொள்கிறாள். அதற்குள் சோப்பு நிரப்பிக்கொள்ளக் காலி பாட்டிலோடு வருகிறவர்கள் தேடிவிட்டுப் போய்விடுகிறார்கள். உன் கடைக்குக் கால் முளைத்திருக்கிறதா என்று ஓட்டல் சமையல்காரி கேலி செய்தாள். இன்னொரு தடவை காணோமென்றால் வேறு கடை பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். அதிகம் வாங்குகிற அவள் போனால் கடையே போனமாதிரி.

"நாளைக்கு மாமா ஊரிலிருந்து வருகிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தத் தெரு வழியாகத்தான் வருவார். நான் ஆபீசில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒளியாமல் நிற்க என்ன வழி அக்கா?"

நன்சுபுகா வண்டியைச் சாய்த்து, சக்கரங்களைக் கழற்றி, அந்த இடத்தில் இரும்புக் கால்களைப் பற்றவைத்தாள். பட்டறை ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவைத்தார்கள். சக்கரங்கள் பிருங்கியின் கையில் இருந்தன.

"மாமா வந்து கேட்டால்?"

"பாட்டில் கொண்டுவந்தீர்களா என்று கேள்."

மறுநாள் மாமாவின் கோட்டைத் தூரத்தில் கண்டதுமே பிருங்கியின் கை தானாக வண்டியைத் தள்ளியது. அது அசையவில்லை. பாட்டிலோடு நின்ற சமையல்காரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கிட்டே வந்தார். கடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்காகவா உன்னைப் படிக்கவைத்தோம் என்றார்.

பிருங்கி நிமிர்ந்தாள்.

"இதற்காகத்தான் மாமா. படித்ததைத்தான் காய்ச்சுகிறேன். பாட்டில் கொண்டுவந்தீர்களா?"

"வரிசையில் நான்தான் முன்னால்," என்றாள் சமையல்காரி.

அன்று சாயங்காலமே பிருங்கி சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"இது இங்கேயே இருக்கட்டும் அக்கா. வீட்டில் இருந்தால் என்றைக்காவது திரும்ப மாட்டிவிடுவேன்."

நன்சுபுகா வாங்கிக் கடைசி ஆணியில் தொங்கவிட்டாள்.

பிருங்கி சுவரைப் பார்த்தாள். "இவர்கள் எல்லாருமே என்னை மாதிரி ஓடினவர்களா?"

"முதல் ஆணியில் இருப்பது என்னுடையது."