மூன்று சிவப்புத் துண்டுகள்

விடை சொல்லத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் ஒருவன் கழுத்து முறிந்தது, மூன்று பேர் கைகழுவினார்கள். பழி யாருக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு முறைதான் சொல்வேன், கவனமாகக் கேளுங்கள்.

தெற்கே ஒரு துறைமுக நகரத்தில் 'சுறாக்கள்' என்று ஒரு தொழில்முறைக் கபடி அணி இருந்தது. பெயர்தான் சுறா, களத்தில் நெத்திலி. நான்கு ஆண்டுகளாகக் கடைசி இடம். அரங்க வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்த ரெத்தினவேல் அதன் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. மனைவி போனபின் அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த அணி மட்டும்தான். தோற்ற மறுநாள் காலையில் தன் கருத்தை ஒரு கரும்பலகையில் எழுதி ஸ்டாண்டு வாசலில் சாத்திவைப்பார்.

"பேர் எடுத்த ரெய்டரை ஏலத்தில் எடுத்து ஏமாறாதே. மூலையில் நின்று காலைப் பிடிப்பவனை எடு." "சேர்ந்து ஆடிப் பழகிய இருவரைப் பிரிக்காதே." "அடிபட்டவனை இறக்காதே. வலிக்கிறதா என்று அவனிடம் கேட்காதே, இல்லை என்றுதான் சொல்வான். அவன் தண்ணீர் குடிக்கும் கையைப் பார்." இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்த வாரமே ஒரு வீரன் தோள்பட்டை விலகி விழுந்தான். அதன்பிறகு பலகையைப் படிக்கவே சிலர் பயந்தார்கள்.

அணியின் உரிமையாளர் சிவஞானராஜ், உப்பள முதலாளி. ஒருநாள் நேராக ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். "வே ரெத்தினவேலு, எழுதுறது லேசு. இந்த வருசம் அணிய நீரே கட்டும். கோப்பை வரலன்னா வேற ஊர்க்காரனுக்கு வித்துருவேன்."

ரெத்தினவேல் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதலாளி, பயிற்சியாளர் வெள்ளத்துரை, தான் ஆகிய மூவரிடமும் ஆளுக்கொரு சிவப்புத் துண்டு இருக்கும். "யார் துண்டத் தூக்குனாலும் அந்த ஆள் வெளிய வந்துரணும். ஏன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது." மூவரும் சத்தியம் செய்தார்கள்.

அணி அவர் சொன்னபடியே அமைந்தது. இடது மூலைக்கு இசக்கிபாண்டி என்ற இருபத்திரண்டு வயதுக்காரனைக் கோயில் கொடைத் திருவிழா ஆட்டம் ஒன்றில் அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். முழு இடக்கைக்காரன். பந்தியில் இடது கையை நீட்டி ஏச்சு வாங்குபவன். அவன் பிடித்த கணுக்கால் தப்பியதில்லை. அந்தப் பருவத்தில் ரெத்தினவேல் இரண்டு முறை துண்டைத் தூக்கினார். இரண்டு முறையும் ஸ்கேன் அவர் பக்கமே பேசியது.

அரையிறுதியில் எதிரணி ஆள் ஒருவனின் முழங்கால் இசக்கியின் கழுத்தில் இடித்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டம். "ஏல, கழுத்து எப்படி இருக்கு?" என்றார் வெள்ளத்துரை. "ஒண்ணுமில்ல சார்." தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். திருப்பிக் காட்டினான். பயிற்சியாளருக்கு அது போதுமானதாக இருந்தது. முதலாளியோ தன் துண்டைக் காரிலேயே விட்டுவிட்டு, அணியை வாங்க வந்தவர்களோடு மேல் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மழை பிடித்த மாலை. கூரை போட்ட அரங்கத்துக்குள்ளும் ஊதல் காற்றில் குளிரடித்தது. இடைவேளையில் வீரர்கள் முதல் வரிசைக்கு எதிரே வந்து தண்ணீர் குடித்தார்கள். இசக்கி வலது கையால் பாட்டிலைத் தூக்கினான். பாதித் தண்ணீர் மார்பில் வழிந்தது. முதல் வரிசையில் இருந்த ரெத்தினவேல், "என்னமா சுடுது இந்த நாற்காலி" என்று சொல்லி, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

புள்ளிகள் சமம். கடைசி ரெய்டு எதிரணிக்கு. வருபவனைப் பிடித்தால் கோப்பை, விட்டால் அணியே ஊரை விட்டுப் போய்விடும். அரங்கமே மூச்சடக்கி இருந்தபோது ரெத்தினவேலின் குரல் ஒன்றுதான் கேட்டது. "இசக்கி, வலது கையால புடி! வலது கையி!" ஏதோ தந்திரம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். இசக்கி பிடித்தான். வந்தவனும், அவனை மடக்கப் பாய்ந்த மூவரும் இசக்கியின்மேல் விழுந்தார்கள். விசில் ஊதியது. எல்லோரும் எழுந்தார்கள், இசக்கி எழவில்லை.

கழுத்தெலும்பில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். இரண்டு நாளாகவே இடது கை மரத்துப்போயிருக்கும், இனி நடப்பது கடினம் என்றும் சொன்னார். "எனக்கு வெளையாட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றார் முதலாளி. "நான் கேட்டேன், அவன் மறைச்சுட்டான்" என்றார் பயிற்சியாளர். "எடைவேளையில நான் புள்ளிப் பலகையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தெரிஞ்சிருந்தா துண்டத் தூக்கியிருக்க மாட்டேனா?" என்றார் ரெத்தினவேல்.

மறைத்தவன், கேட்டு நம்பியவர், துண்டையே மறந்தவர், பலகையைப் பார்த்தேன் என்றவர். இந்த நால்வரில் பெரும்பிழை யாருடையது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: மறைத்தவன் பணயம் வைத்தது தன் கழுத்தை. பயிற்சியாளர் செய்தது சோம்பல், முதலாளி செய்தது அலட்சியம். தெரிந்தே செய்தவர் ரெத்தினவேல் ஒருவர்தான். ஊதல் காற்றடித்த அரங்கத்தில் நாற்காலி ஏது சூடு? அவர் உட்கார்ந்தது தன் சத்தியத்தின்மேல். நம்ப மாட்டீர்களா? மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு அவர் மருத்துவமனைக்குப் போனார். இசக்கியால் கண்ணை மட்டும்தான் அவர் பக்கம் திருப்ப முடிந்தது. "அண்ணாச்சி, எடது கை மரத்துப்போனத நான் யார்ட்டயும் சொல்லலியே. வலது கையால புடின்னு எப்படிக் கத்துனீங்க?" என்று கேட்டான்.