கூழ் கிண்டும் நேரத்தில் பிள்ளை யார் கையில்?

முன்னொரு காலத்திலே சேலாற்றுக் கரையில் சின்னதாக ஒரு நாடு இருந்தது. அதை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை, பாவம். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாறிவிடும். கடைசியாகக் காதில் விழுந்த பேச்சு எதுவோ, அதுதான் அவனுக்கு நியாயம்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து அவனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்ற மகாராணிக்கு உடம்பு தேறவில்லை. அதனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சிவந்தி என்ற செவிலியை வைத்தார்கள். குளிப்பாட்டுவது, துணி அலசுவது, தாலாட்டுவது எல்லாம் அவள்தான். பெறாத பிள்ளை என்றாலும் அவளுக்கு அவன்தான் உலகம். அவனும் அவள் இடுப்பைவிட்டு இறங்கமாட்டான்.

ஏழாம் மாதம் சோறூட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது தலைவலி. அரண்மனைச் சமையற்கட்டுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் குப்பாண்டி. அவரே வைத்துக்கொண்ட பெயர் நளபூபதி. இளவரசனுக்கென்று குங்குமப்பூ, பாதாம், ஏலக்காய், கரண்டி கரண்டியாக நெய், எல்லாம் போட்டுத் தங்கக் கிண்ணத்தில் பொங்கல் அனுப்பினார். பல் முளைக்காத பிள்ளைக்குக் கொடுக்கிற சாப்பாடா இது? பிள்ளை ஒரு வாய் வாங்கி, அப்படியே ராஜாவின் மார்பிலே துப்பியது. அடுத்த மூன்று நாளும் இதே கதைதான்.

சிவந்திக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து, கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். ஊறவைத்த கேழ்வரகை அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்து, துளி கருப்பட்டி சேர்த்துக் கைவிடாமல் கிண்டினாள். பிள்ளை சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் வேண்டுமென்று கிண்ணத்தைப் பிடித்து இழுத்தது.

சேதி பரவியது. நளபூபதிக்கு வயிறு எரிந்தது. நேரே சபைக்குப் போனார். இனிமேல் இளவரசன் சாப்பாடு முழுக்கச் செவிலியின் பொறுப்பாகவே இருக்கட்டும், சும்மா பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை என்றார். வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்ச வேண்டும், பிள்ளையைக் கீழே விடக்கூடாது, அழவிடக்கூடாது, கூழில் கட்டி விழக்கூடாது என்று அடுக்கினார். ஒன்று தவறினாலும் ஆளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமாம். தவறும் என்று தெரிந்துதானே சொன்னார்! ராஜா தலையாட்டிவிட்டான்.

சிவந்தியைக் கூப்பிட்டு உத்தரவைச் சொன்னார்கள். அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒன்று தவறினாலும் இவனை விட்டுப் போக வேண்டுமே!

"கூழ் காய்ச்சமாட்டேன் என்று சொல்லவில்லை, மகாராஜா. என் கையால் அவன் சாப்பிடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூழ் கிண்டுகிற நேரத்தில் பிள்ளையை யார் வைத்திருப்பது? அதை மட்டும் சொல்லுங்கள்."

சபை சிரித்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கிண்ட வேண்டியதுதானே, இதென்ன பெரிய வித்தையா என்றார் நளபூபதி.

அதுவரை வாய் திறக்காத அமைச்சர் உடையனார் எழுந்தார். இந்தப் பெண்ணுக்கு அந்தக் கைப்பக்குவம் தெரியவில்லை போலிருக்கிறது, நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவர் ஒருமுறை செய்து காட்டினால் அப்புறம் அவள் சாக்குச் சொல்ல முடியாது என்றார் பவ்வியமாக. நிபந்தனைகள் அவருக்கும் அவையேதான். நளபூபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் காலை சபை முற்றத்தில் அடுப்பு வைத்தார்கள். பட்டுடுத்தி வந்த நளபூபதி பிள்ளையை இடுப்பில் ஏற்றினார். அது முதலில் அவர் மீசையைப் பிடித்தது. பிறகு தலைப்பாகையை. அப்புறம் நெருப்பைப் பார்த்துத் தாவியது. பதறிப்போய் இடுப்பை அந்தப் பக்கம் திருப்பினார். கரண்டி பானைக்கு எட்டவில்லை. இந்தப் பக்கம் திரும்புவதற்குள் கூழில் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி. அந்த நேரம் பார்த்துப் பட்டுவேட்டி நனைந்தது. பிள்ளை வீறிட்டது.

"யாராவது பிள்ளையைப் பிடியுங்களேன்!" என்று கத்தி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் ராஜா.

பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்தபடி ராஜா திருதிருவென்று விழித்தான். உடையனார் ஓர் ஓலையை நீட்டினார்.

"ஒன்று தவறினாலும் சிவந்தியை ஊருக்கு அனுப்பும் ஓலை, மன்னா. எழுதி வைத்துவிட்டேன். முத்திரை வையுங்கள்."

ராஜா ஒரு கையை எடுத்தான், பிள்ளை சரிந்தது. மறுபடி பிடித்தான், பிள்ளை ஓலையைப் பறித்து வாயில் வைத்தது. அதைப் பிடுங்கினான்; இன்னும் உரக்க அழுதது. ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எப்படி ஐயா வைப்பது? கையில் பிள்ளை இருக்கிறதே!"

"அதைத்தான் மன்னா, நேற்று அவள் கேட்டாள்."

ராஜா குனிந்து பிள்ளையைப் பார்த்தான், பிறகு சிவந்தியைப் பார்த்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஓலையைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னான்.

அப்புறம் போட்ட உத்தரவு இது. பிள்ளை இவள் கைக்குத்தான் சாப்பிடுகிறது, அதனால் கூழ் காய்ச்சுவது இவளே. ஆனால் அது தனி வேலை; துணி அலசுவதற்கு வேறு ஆள் வர வேண்டும். தினமும் கேழ்வரகு அரைத்துப் பால் பிழிந்து கொடுப்பது குப்பாண்டி. ஆமாம், குப்பாண்டி என்றேதான் சொன்னான். கூழ் கொதிக்கிற நேரம் பிள்ளை ராஜா மடியில். ஆச்சரியம் என்னவென்றால், மத்தியானம் தாண்டியும் அந்த உத்தரவு மாறவில்லை.

உனக்கு என்ன வேண்டுமோ கேள் என்றான் ராஜா. பொன் கேட்பாள், நிலம் கேட்பாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அவனை நீங்களே வைத்திருங்கள், மகாராஜா. அவனைக் கையில் வாங்கிய நாளிலிருந்து நான் சோறு சூடாகச் சாப்பிட்டதில்லை."

முற்றத்திலேயே இலை போட்டார்கள். ராஜா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். சிவந்தி ஆவி பறக்கிற சோற்றைப் பிசைந்து, நடுவில் ஒருமுறைகூட எழுந்திருக்காமல், மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள்.