குண்டு நுழையாத கவசம்

பெருவயல்கோட்டை மன்னர் சேதுங்கராயருக்கு வாளைக் கண்டால் பயமில்லை, வேலைக் கண்டால் பயமில்லை. ஆனால் பக்கத்துப் பாளையக்காரன் இருநூறு துப்பாக்கி வாங்கிவிட்டான் என்று கேட்ட நாள் முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு மட்டும் வழக்கம்போல் இறங்கியது. துப்பாக்கிக்குத் தாங்கும் கவசம் உடனே வேண்டும் என்றார்.

இரண்டு கவசங்கள் சபைக்கு வந்தன. ஒன்று கோட்டைக் கொல்லர் அடித்தது. நெஞ்சுக்கும் முதுகுக்கும் விரல் தடிமனில் இரும்புத் தகடு. தூக்கி வர நாலு பேர் தேவைப்பட்டார்கள். மற்றொன்று தளவாய் நாகலிங்கத்தின் மச்சினன் மாசிலாமணி கொண்டுவந்தது. பளபளவென்று மின்னியது. அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான். மன்னருக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது.

அரசவை விதூஷகர் பூவராகருக்கு வாய் சும்மா இருக்காது. முதலில் ஒரு வைக்கோல் பொம்மைக்கு மாட்டிச் சுட்டுப் பார்க்கலாமே என்றார். நெடுநாளாய் அவர்மேல் கறுவிக்கொண்டிருந்த தளவாய்க்கு அது போதுமானதாக இருந்தது.

"சந்தேகப்பட்டவரே மாட்டிக்கொண்டு நிற்கட்டும், மகாராஜா. நானே சுடுகிறேன்" என்றார்.

மன்னர் யோசிக்காமல் தலையாட்டினார். யோசிப்பது அவருக்கு வழக்கமில்லை.

பூவராகருக்கு வயிறு கலங்கியது. கலங்குவதற்கு அங்கே இடமும் தாராளமாக இருந்தது. சபைக்குள் நுழைந்தால் அவருக்கு முன்னால் தொப்பை வரும், பின்னால்தான் அவர் வருவார். சாகப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முகத்தில் காட்டாமல் மாசிலாமணியிடம் போனார்.

"தம்பி, குலதெய்வத்தின் பேரில் சத்தியம் செய். இதற்குள் குண்டு நுழையுமா?"

"நுழையாது" என்றான் அவன்.

"கொஞ்சம்கூட?"

"நுழையவே நுழையாது. என் குலதெய்வம் சாட்சி."

பூவராகர் மன்னரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மகாராஜா, பள்ளிக்கூட நாளிலிருந்தே ஊரில் எனக்குப் பெயர் குண்டுப் பூவராகன். நான் இதற்குள் நுழைந்தால் தம்பியின் சத்தியம் பொய்யாகிவிடும். தெய்வக் குற்றம் நமக்கு வேண்டாம். குண்டு அல்லாதவர் யாராவது நுழையலாம். நம் தளவாய் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார்."

சபை கொல்லென்று சிரித்தது. மன்னர் அதற்கும் தலையாட்டினார். காவலர்கள் கவசத்தோடு நெருங்கினார்கள். தளவாய் தடாலென்று மன்னர் காலில் விழுந்தார்.

"வேண்டாம் மகாராஜா, அது தகரம். பணியாரச் சட்டிக்கு மூடியாகக்கூட ஆகாது."

மச்சினன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான். இனி ஊர்வலம்தோறும் கொல்லரின் கவசத்தை நாகலிங்கமே தனியாகச் சுமந்து வர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பூவராகருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. அது அவரைச் சுற்றி வரவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு மன்னர் அந்த இரும்புக் கவசத்தை மாட்டிப் பார்த்தார். நாலு பேர் இழுத்தார்கள், இரண்டு பேர் தள்ளினார்கள். மூச்சை அடக்கியும் பார்த்தார். நெஞ்சோடு நின்றுவிட்டது. மேல் கொக்கி ஒன்று மட்டும் எப்படியோ மாட்டியது.

"பூவராகரே, இது எப்படி இருக்கிறது?" என்று முனகினார்.

பூவராகர் சுற்றி வந்து பார்த்தார்.

"உத்தமமான கவசம், மகாராஜா. குண்டு நுழையவில்லை."

மன்னர் முறைத்தார். மெல்லத்தான் அவருக்குப் புரிந்தது. சிரித்த சிரிப்பில் அந்த ஒற்றைக் கொக்கியும் தெறித்துப் போய்த் தளவாயின் மூக்கில் பட்டது.